நாட்பட்ட சி.எஸ்.ஆர்.: பி.டி.டி. செய்வதா, மைக்ரோபல்ஸ் லேசர் செய்வதா?

வெள்ளவத்தையைச் சேர்ந்த 43 வயது வாசகர் ஒருவருக்கு, இடது கண் பார்வையின் நடுவே சாம்பல் நிற வட்டமொன்று ஒன்பது மாதங்களாக மறையாமல் நிற்கிறது. கணக்கேட்டின் கோடுகள் அந்த இடத்தில் வளைந்து தெரிகின்றன. சி.எஸ்.ஆர். எனப்படும் விழித்திரை நோய் நாட்பட்டுவிட்டதாகக் கூறிய இரு கண் வைத்தியர்களில் ஒருவர் பி.டி.டி. என்ற ஒளிச் சிகிச்சையையும், மற்றவர் மைக்ரோபல்ஸ் லேசரையும் பரிந்துரைத்துள்ளனர். ஊசி மருந்தும் தேவையில்லை, செலவும் குறைவு என்பதால் லேசரையே செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்கிறார்.

இரண்டையும் பெறும் வாய்ப்பு உங்களுக்கு இருக்குமானால், அரை அளவு மருந்துடன் செய்யப்படும் பி.டி.டி.யையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அதற்கான காரணம் நோய் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. விழித்திரைக்குப் பின்னால் கோரொயிட் என்ற இரத்தக்குழாய்ப் படை உண்டு. சி.எஸ்.ஆரில் அந்தக் குழாய்கள் வீங்கிக் கசிகின்றன. கசியும் நீர், இடையிலுள்ள நிறமிக் கலப் படலத்தைக் கடந்து விழித்திரையின் அடியில் தேங்குகிறது. புதிதாக வரும் சி.எஸ்.ஆர். பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்களில் தானாகவே வற்றிவிடும் என்பதால் அதுவரை காத்திருப்பதில் தவறில்லை. ஒன்பது மாதங்களாக நீர் நிற்கும் கண்ணின் நிலை வேறு. ஒளியை உணரும் கலங்கள் தமக்கு ஊட்டம் தரும் படலத்திலிருந்து நெடுநாள் பிரிந்திருந்தால் மெல்ல மெல்லத் தேய்கின்றன. அப்படித் தேய்ந்த பின் நீர் வற்றினாலும் பார்வை முழுமையாகத் திரும்பாது.

பி.டி.டி.யில் வெர்ட்டிபோர்ஃபின் என்ற மருந்தைக் கைநரம்பு வழியாக ஏற்றி, சிறிது நேரத்தில் 689 நானோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைக் கண்ணுக்குள் ஏறத்தாழ 83 செக்கன்கள் செலுத்துகிறோம். அந்த ஒளி எதையும் சுடுவதில்லை. மருந்தைத் தூண்டி, வீங்கிய கோரொயிட் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. நோயின் வேரைத் தொடும் சிகிச்சை என்று நான் இதைக் கருதுவது அதனால்தான். மைக்ரோபல்ஸ் லேசரோ, மிகச் சிறிய துடிப்புகளாக, இடைவெளி விட்டு விட்டுச் செலுத்தப்படுகிறது. வெப்பம் ஓரிடத்தில் சேராததால் வடு விழுவதில்லை. நிறமிக் கலங்கள் நீரை வெளியேற்றும் வேலையை மீண்டும் செய்ய அது தூண்டுகிறது.

2018ஆம் ஆண்டு வெளியான பிளேஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஏழு எட்டு மாதங்களின் முடிவில், அரை அளவு பி.டி.டி. பெற்றவர்களில் 67 வீதமானோருக்கு நீர் முழுமையாக வற்றியிருந்தது. மைக்ரோபல்ஸ் பெற்றவர்களில் 29 வீதமானோருக்கே அப்படி வற்றியது. ஆயினும், பார்வைப் பரிசோதனை அட்டையில் வாசித்த எழுத்துகளின் எண்ணிக்கையில் அந்தக் கட்டத்தில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் பயன்பட்டது 810 நானோமீற்றர் லேசர். இன்று பல கிளினிக்குகளில் இருப்பது 577 நானோமீற்றர் மஞ்சள் லேசர். எனவே மைக்ரோபல்ஸைப் பயனற்றது என்று நான் ஒதுக்கமாட்டேன். வெர்ட்டிபோர்ஃபின் கிடைக்காதபோது, குறிப்பாகச் சாயம் ஏற்றி எடுக்கும் கண் படத்தில் கசிவு ஒரே புள்ளியில் தெரியும்போது, அது நியாயமான தெரிவே. பார்வையின் நடுப்புள்ளிக்கு அருகே பழைய முறையில் சுடும் லேசருக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அது விடும் வடு நிரந்தரக் கரும்புள்ளியாக நிலைத்துவிடும்.

முடிவெடுக்கும் முன், விழித்திரையின் படைகளையும் அடியில் தேங்கிய நீரையும் காட்டும் ஓ.சீ.ரி. ஸ்கானுடன் ஐ.சி.ஜி. சாயப் படமும் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். எந்தக் குழாய்ப் பகுதி கசிகிறது, எங்கே ஒளியைச் செலுத்த வேண்டும் என்பதை அந்தப் படமே காட்டும். நாட்பட்ட சி.எஸ்.ஆரில் சில வேளைகளில் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்திருக்கும். அவ்வாறாயின் கண்ணுக்குள் ஏற்றும் ஊசி மருந்தும் தேவைப்படலாம், சிகிச்சைத் திட்டமே மாறிவிடும். எப்ளெரினோன் மாத்திரையை யாரேனும் பரிந்துரைத்தால், 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் அது வெற்று மாத்திரையை விட மேலானதாக இருக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பி.டி.டி. செய்துகொண்டால், கொழும்பு வெயிலில் ஒரு விடயத்தில் மிகக் கவனம் வேண்டும். மருந்து உடலில் இருக்கும்வரை தோல் எளிதில் வெந்துவிடும். அரை அளவு மருந்துக்குக் குறைந்தது 48 மணிநேரமும், முழு அளவுக்கு ஐந்து நாட்களும் நேரடி வெயில் படக்கூடாது. சன்ஸ்கிரீன் இதற்குப் போதாது; தோலைத் தாக்குவது கண்ணுக்குத் தெரியும் ஒளியே, அதை அந்தக் கிறீம்கள் தடுப்பதில்லை. இயன்றவரை பிற்பகலின் கடைசி நேரத்தைக் கேட்டு வாங்கி, இருட்டிய பின் வீடு திரும்புங்கள். பக்கம் திறந்த முச்சக்கரவண்டியில் காலி வீதி வெயிலில் செல்ல வேண்டாம். முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி மூன்றும் கையில் இருக்கட்டும். ஆனால் வீட்டுக்குள் இருட்டறையில் முடங்க வேண்டியதில்லை. சாதாரண அறை வெளிச்சம் தோலிலுள்ள மருந்தைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்வதால் அது நல்லதே. பல் சிகிச்சை ஏதும் இருந்தால் அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரல் நோய் இருந்தால் முன்கூட்டியே கூறிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், பீனிசத்துக்காக மூக்கில் அடிக்கும் ஸ்பிரே ஒன்றை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துவதாகச் சாதாரணமாக எழுதியுள்ளீர்கள். எனக்கு மிக முக்கியமாகத் தோன்றியது அந்த வரிதான். அத்தகைய ஸ்பிரேக்கள் பலவற்றில் ஸ்டீரொயிட் உண்டு, சி.எஸ்.ஆருக்கு ஸ்டீரொயிட்டுடன் உறுதியான தொடர்பு உண்டு. முகம் வெளுப்பதற்கான கிறீம், மூட்டுக்குப் போட்ட ஊசி, இழுப்புக்கான இன்ஹேலர் ஆகியவற்றிலும் அது இருக்கக்கூடும். எந்தச் சிகிச்சைக்கும் நாள் குறிக்கும் முன், அந்த ஸ்பிரே போத்தலையும் வேறு பூசும் மருந்துகளையும் எடுத்துச் சென்று கண் வைத்தியரிடம் காட்டுங்கள். இன்ஹேலரையோ ஸ்டீரொயிட் மாத்திரையையோ நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம். அவற்றைக் கொடுத்த வைத்தியருடன் பேசி, மாற்று மருந்து உண்டா என்று அவரையே முடிவுசெய்யச் சொல்லுங்கள்.