பட்டன் டயரா, ரோடு டயரா?

கேள்வி: அண்ணாச்சி, என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். ஊர் அம்பாசமுத்திரம், வேலை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், தினமும் வண்டியில்தான் போக்குவரத்து. மாதம் ஒரு தடவை கன்னியாகுமரி, திருச்செந்தூர், கேரளா என்று கிளம்பிவிடுவோம். இரண்டு டயரும் முடிந்துவிட்டன. கூட வருகிற பையன்கள் பட்டன் டயர் போடு, மலைக்கும் ஆகும், பார்க்கவும் கெத்தாக இருக்கும் என்கிறார்கள். டயர் கடைக்காரர் உனக்கு ரோடு டயரே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள் தம்பி.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியாகப் போக 35, வர 35 என்று வைத்தால் மாதம் 1,700 கிலோமீட்டருக்கு மேல், அவ்வளவும் தார் ரோடு. ஊர் சுற்றப் போகும்போதும் பாதி நான்குவழிச்சாலைதான். மண் ரோட்டில் நீங்கள் ஓட்டுவது மாதத்துக்கு 50 கிலோமீட்டர் வந்தால் பெரிது. அந்த ஐம்பதுக்காக மீதி எல்லா நாளும் தாருக்கு ஒத்துவராத டயரில் ஓட்ட வேண்டுமா?

பட்டன் டயரில் தனித்தனியாகத் துருத்தி நிற்கிற ரப்பர் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். மண்ணைக் கவ்வ அது வேண்டும், ஆனால் தாரில் ரோட்டைத் தொடுகிற ரப்பர் அதனாலேயே குறைந்துபோகிறது. போதாக்குறைக்கு, வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக வளைந்து கொடுக்கும், கைப்பிடியில் அது ஒரு தளர்ச்சியாகத் தெரியும். சித்திரை வெயிலில் கொதிக்கிற நான்குவழிச்சாலையில் நேராக ஓட்டிக்கொண்டே இருந்தால் நடுக்கட்டைகள் மட்டும் தேய்ந்து டயர் சப்பையாகிவிடும். உருண்டையாக இருக்க வேண்டியது தட்டையாகிவிட்டால் அப்புறம் வளைவில் வண்டி முதலில் சாய மறுத்து, பிறகு திடீரென்று விழுகிற மாதிரி சாயும்.

நான் பட்டன் டயர் போட்டு ஒரு வருஷம் ஓட்டியவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஆடி மாதம் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்குமே, அந்தக் காற்றில் முன் சக்கரம் ரோட்டில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் வண்டி அலைந்தது. காற்றில் எந்த வண்டியும் அலையும்தான், ரோடு டயர் மாற்றிய பிறகு அதே இடத்தில் அதே ஆடியில் அந்த அலைச்சல் பாதியாகக் குறைந்தது. இன்னொரு நாள் குற்றாலச் சீசனில் தென்காசி தாண்டி சாரலில் நனைந்த ரோட்டில் லேசாகப் பிரேக் பிடித்தேன், முன் சக்கரம் அரை அடி வழுக்கிக்கொண்டு போனது. கீழே விழவில்லை, ஆனால் பின்னால் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரமே டயரை மாற்றிவிட்டேன்.

மலைக்கு ஆகும் என்கிறார்கள், சரி, எந்த மலை? மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது, அந்த ரோடும் உடைந்த தாரும் கல்லும்தான். அதற்கு ரோடு டயரிலேயே கொஞ்சம் ஆழமான வெட்டு, அதாவது பள்ளம், உள்ளது போதும், மெதுவாகப் போனால் சரி. கயத்தாறு, கோவில்பட்டிக் கரிசலில் மழை பெய்த பிறகு இறங்கினால் எந்த டயரும் உதவாது. களிமண் கட்டைகளுக்கு நடுவே அப்பி, மட்கார்டு வரை அடைத்து, சக்கரம் சுற்றவே சுற்றாது.

என்ன வாங்கலாம்? 80/20, 50/50 என்று போட்டிருப்பார்கள், தாருக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு என்று. அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, கம்பெனி தானாகச் சொல்லிக்கொள்வது. இருந்தாலும் உங்களுக்கு 80/20, 90/10 என்ற வரிசைதான். உங்கள் சைஸ் முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17. அகலமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று பின்னால் 120க்குப் பதிலாக 130, 140 ஏற்றாதீர்கள், ரிம் அகலத்துக்குப் பொருந்தாமல் டயரின் உருவமே மாறிவிடும். சியட் கிரிப் எக்ஸ்எல், பிரெல்லி எம்டி 60 இரண்டும் இந்த வண்டிக்குப் பழகியவை, ஆனால் இரண்டுமே மண்ணையும் மனதில் வைத்துச் செய்தவை. அதைவிட நெருக்கமான வெட்டு உள்ள ரோடு டயர் உங்கள் சைசில் இருந்தால் அதைக் கேளுங்கள். மதுரையில் தொழிற்சாலை வைத்திருக்கிற டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப்பையும் விசாரியுங்கள். வெளிநாட்டு டயர்தான் வேண்டும் என்று காத்துக்கிடக்க வேண்டாம். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்ததிலிருந்து கேட்ட சைஸ் கேட்ட நேரத்தில் வருவதில்லை.

சைசுக்குப் பக்கத்தில் 64S மாதிரி ஒன்று இருக்கும். 64 என்றால் அந்த டயர் 280 கிலோ தாங்கும், S என்றால் 180 கிலோமீட்டர் வேகம் வரை. பழைய டயரில் இருப்பதைவிட இந்த எண் குறையக் கூடாது. இரண்டு பேரும் பெட்டிகளும் வைத்துப் போகிற உங்களுக்கு இது முக்கியம். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். உங்கள் வண்டி டியூப் வண்டி, புது டயருக்குப் புது டியூப் போடுங்கள், மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல. பக்கவாட்டில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும், அம்புக்குறி சக்கரம் சுற்றுகிற திசையை நோக்கி இருக்க வேண்டும். காற்று ஏற்றியதும் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு தெரியும், அது சுற்றிலும் ஒரே அளவில் இருக்கிறதா பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை, காற்றை இறக்கிச் சோப்புத் தண்ணீர் விட்டுத் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். முதல் 100, 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், புது ரப்பரின் வழவழப்பு போக வேண்டும்.

அப்புறம், நம் பக்கத்தில் பாதி பஞ்சர் சீமைக்கருவேல முள்ளால்தான். பஞ்சர் கடையில் குறடால் முள்ளை இழுப்பார்கள், நகநீளத்துக்கு வரும், ஆனால் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும். டியூபை ஒட்டி மாட்டிப் பத்து நிமிஷத்தில் மறுபடியும் காற்று இறங்குவது அதனால்தான். டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு பழைய துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நுனி இருந்தால் துணி மாட்டும். 21 இஞ்ச் டியூப் எல்லாக் கடையிலும் இருக்காது, பையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்குநேரியிலிருந்து எழுதுகிறேன் அண்ணாச்சி. என் வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் வண்டிக்குப் போன வாரம் பின் டயர் வாங்கினேன். இன்னும் மாட்டவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்தால் 1421 என்று போட்டிருக்கிறது. கடையில் கேட்டால், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே இருக்கிறதே என்கிறார்கள்.

பதில்: மாட்டாமல் வைத்தது நல்ல வேலை தங்கச்சி. 1421 என்றால் 2021ஆம் வருஷம் 14ஆவது வாரம், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் தயாரானது. ஒரு வருஷம் நிழலில் கிடந்த டயரில் தவறில்லை. இவ்வளவு பழசை, அதுவும் சொல்லாமல், முழு விலைக்கு விற்றது தவறு. பள்ளங்களின் அடியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் டயரை வளைத்துப் பாருங்கள், கடை வாசலில் வெயிலில் தொங்கிய டயரில் அது இருக்கும். எண்ணும் வெடிப்பும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பில்லில் அச்சடித்த அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காததும் அப்படியே. கடைக்கு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸப்பிலாவது. டயர் கம்பெனிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: சாத்தான்குளம் பக்கம் தேரி மணலில் ஓட்டும்போது டயரில் காற்றைக் குறைக்கலாமா?

பதில்: கொஞ்சம் குறைக்கலாம், மணலில் டயர் பரந்து நிற்கும், புதையாது. ஆனால் டியூப் வண்டியில் மிகவும் குறைத்தால் ரிம்மில் டயர் நழுவி, கூடவே டியூபும் நகர்ந்து வால்வு அடியோடு கிழியும். வால்வு சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கால் பம்ப் ஒன்று கையில் இல்லாமல் காற்றை இறக்கவே வேண்டாம். தார் ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.