மடக்குக்கத்தியில் ஆட்டம்: திருகா, பூட்டா?

கேள்வி: என் மடக்குக்கத்தி லைனர் லாக் வகை, அதாவது பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து, திறந்த அலகைப் பூட்டும். வாங்கியபோது பூட்டுத் தகடு அலகின் அடிப்பகுதியில் ஓரமாக நின்றது. இப்போது பாதியைத் தாண்டிவிட்டது. அலகும் லேசாக ஆடுகிறது. திருகை இறுக்கியும் பயனில்லை. தொடர்ந்து பயன்படுத்தலாமா?

பதில்: ஆட்டம் எந்தத் திசையில் என்பதை முதலில் பாருங்கள். திறந்து பூட்டிய கத்தியில், கூர்விளிம்பில் விரல் படாமல் அலகைப் பிடித்து அசையுங்கள். இடவலமாக ஆடினால் சுழல்திருகு (அலகு சுழலும் அச்சுத் திருகு) தளர்ந்திருக்கும், அல்லது வாஷர் தேய்ந்திருக்கும். மேலும் கீழுமாக ஆடினால் கோளாறு பூட்டில். அதற்குத் திருகை இறுக்கினால் கத்தி மடங்க மறுக்கும், ஆட்டம் போகாது. உங்களுடையது இரண்டாவது வகை என்றே தோன்றுகிறது.

தகடு உள்ளே நகர்ந்ததற்காகக் கவலைப்பட வேண்டாம். அது தொடும் அலகின் அடிமுகம் சுமார் 7 முதல் 10 பாகை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். தகடு ஆப்பு மாதிரி நுழைந்து, அலகை நிறுத்து ஊசியோடு (திறந்த அலகு அதற்கு மேல் போகாமல் தடுக்கும் முளை) சேர்த்து அழுத்துகிறது. உலோகம் தேயத் தேய ஆப்பு இன்னும் உள்ளே போய் இடைவெளியை அடைக்கும். எதிர்ப்பக்கத் தகட்டில் முட்டிய பிறகுதான் நகர இடமில்லாமல் ஆட்டம் வரும். உங்கள் கத்தியில் இன்னும் இடம் இருக்கிறது, ஆனாலும் ஆடுகிறது. ஆகவே தேய்மானத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

பூட்டுத் தகட்டைக் கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு மறுபடி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்றால் தகடு தானாக முழுதும் உட்காரவில்லை. பெரும்பாலும் அழுக்குதான், ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் தகடும் அலகும் தொட்டுக்கொள்ளும் இரு முகங்களையும் துடைத்தாலே சரியாகலாம். எண்ணெய் சுழல்திருகுக்கு ஒரு துளி போதும், பூட்டு முகத்தில் படவே கூடாது.

அப்படியும் ஆடினால், அடிமுகத்தில் மார்க்கர் மை பூசி, பத்துமுறை திறந்து மூடுங்கள். மை அழிந்த இடம்தான் தொடுமிடம். அது சுழல்திருகுக்கு எட்டத்தில், கீழ்முனையில் இருக்க வேண்டும். திருகை ஒட்டி மேலே அழிந்திருந்தால் அந்தப் புள்ளியைச் சுற்றி அலகு ஊசலாடும். சாய்வு தவறாக வெட்டப்பட்ட கத்தி அது. நிறுத்து ஊசியையும் கவனியுங்கள். அலகு மோதும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், ஊசி சுழலும் வகையானால், சற்றுத் திருப்பிப் புதிய பக்கத்தைக் கொடுக்கலாம். உதறித் திறக்கும் பழக்கம்தான் இந்தப் பள்ளத்தைச் சீக்கிரம் விழவைக்கிறது.

அரத்தைக் கையில் எடுக்காதீர்கள். சாய்வு சற்று மாறினாலும் பூட்டு வழுக்கும். அலகின் முதுகைப் பலகையில் அடித்துச் சோதிப்பதும் வேண்டாம், அதுவே பூட்டைக் கெடுக்கும். கூர்விளிம்பு மடங்கும் வழியில் விரல்கள் இல்லாதபடி பிடித்து, முதுகைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். தகடு துளியளவு பின்வாங்கினாலும் கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, தயாரித்தவரிடமே பழுதுபார்க்க அனுப்புங்கள். அசையாமல் நின்றால், மெல்லிய ஆட்டத்தோடும் காகிதம், கயிறு போன்ற லேசான வேலைக்குப் பயன்படுத்தலாம். குத்தவோ நெம்பவோ கூடாது.