போரைப் படிக்க ராணுவம் போதாதா?

கேள்வி: என் மகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, போர் உத்தி சம்பந்தமான எம்.ஏ.தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். போர் என்றால் சண்டை. அதைக் கவனிக்க ராணுவம் இருக்கிறது, தெரிந்துகொள்ள வரலாற்றுப் புத்தகம் இருக்கிறது. ஒரு பெண்பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு? (வாசகர் ஒருவர், பாறசாலை)

பதில்: 'போர் என்றால் சண்டை' என்கிறீர்களே, தவறு அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் பக்கத்தில் தொண்ணூறு தாண்டிய பெரியவர் யாராவது இருந்தால், 1942க்கு அப்புறம் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி வரவு நின்றது. வெளியரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் ஏழைகளின் வயிற்றை மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குதான் காப்பாற்றியது, அதுவும் எல்லோரையும் இல்லை. அடுத்த ஆண்டு வங்காளத்தில் போரும் அரசின் முடிவுகளும் சேர்ந்து உண்டாக்கிய பஞ்சத்தில் செத்தவர்கள் இருபது லட்சத்துக்கு மேல். அவர்களில் ஒருவர் மீதும் குண்டு படவில்லை.

ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தார் உலகம் முழுக்க நடக்கும் மோதல்களைக் கணக்கெடுக்கிறார்கள். சண்டையில் ஓராண்டில் 25 பேராவது இறந்தால் அது ஆயுத மோதல், 1000 பேர் என்றால் போர். ஒரு கணக்குக்கு இப்படி ஒரு வரம்பு வேண்டும்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டினியில் செத்தவர் அந்த வரம்புக்குள் வரமாட்டார். அவரை எண்ண மருத்துவரும் மக்கள்தொகைக் கணக்கு தெரிந்தவரும் அரிசி விலை தெரிந்தவரும் ஒன்றாக உட்கார வேண்டும். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. போர்களை முதன்முதலில் எண்ணிக்கையாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான லூயிஸ் ரிச்சர்ட்சன் ராணுவத்தில் இருந்தவரே இல்லை. வானிலை ஆராய்ச்சியாளர், முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்.

சரி, வரலாற்றுப் புத்தகத்துக்கு வருவோம். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை வென்றார் என்று நம் பிள்ளைகள் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். டச்சுக்காரனுக்கு இங்கே என்ன வேலை? குறுமிளகு. அந்தப் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு நம் படைக்கே தளபதியாகி, ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார், கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கிறது. எதிரி எப்படி நம் ஆளானான், அதனால் இந்த நாட்டில் போர் செய்யும் முறையே எப்படி மாறியது, மிளகு விலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதெல்லாம் தனித்தனிப் படிப்புகள், உங்கள் மகள் அவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறாள்.

மாற்றம் இன்றும் நிற்கவில்லை. உக்ரைனில் சில பத்தாயிரம் ரூபாய் டிரோன் பல கோடி ரூபாய் டாங்கியை உடைக்கிறது. போர் எப்போது முடிகிறது என்பதும் லேசான கேள்வி இல்லை. ஈழத்தில் 2009 மே மாதம் துப்பாக்கிகள் ஓய்ந்தன, ஆனால் வன்னி மண்ணில் கண்ணிவெடி எடுக்கும் வேலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. மண்டியிட்டு, விரற்கடை விரற்கடையாக மண்ணைச் சுரண்டி அந்த வேலையைச் செய்தவர்களில் பெண்கள் ஏராளம், கணவனைப் போரில் பறிகொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. பெண்பிள்ளைக்கு எதற்கு என்று அவர்களிடம் கேட்க முடியுமா? விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று இன்றே மகளிடம் கேளுங்கள்.