தேதியும் இடமும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

மாலை ஏழு மணியானால் அப்பா டிவியில் விவாதத்தைப் போட்டுவிடுவார். ஒன்பது மணிவரை ஒரே கத்தல். கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாக் கட்சியும் வெறுத்துவிட்டது. ஊடகமே விலைபோன பிறகு என்ன ஜனநாயகம்? அடுத்த தேர்தலில் நோட்டாதான். நடுநிலையான சேனல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

ச., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள ச.,

நோட்டா உங்கள் உரிமை. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது, அதற்காக உங்களோடு மல்லுக்கு நிற்க மாட்டேன். காசு வாங்கிச் செய்தி போடுவதும் பழைய கதை.

என்னை உறுத்தியது வேறு. தினம் இரண்டு மணி நேரம் அரசியல் ஓடும் வீட்டிலிருந்து எழுதுகிறீர்கள், உங்கள் ஊராட்சியைப் பற்றி ஒரு வரி இல்லையே தம்பி. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. கிராமங்களில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. அதுவரை அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை என்று நிதிக்குழு மானியத்தையும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. உங்கள் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் வர வேண்டிய பணம் அது. அந்த மூன்று வருடத்தில் ஒரு நாளாவது உங்கள் வீட்டில் இதற்காக யாராவது கொதித்தீர்களா? சத்தியமாகக் கேட்கிறேன்.

எங்கள் பெரியப்பா டீக்கடையில் தினமும் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். பால் வாங்கப் போன நானும் தூக்குவாளியோடு நின்றுவிடுவேன். தலைப்புச் செய்தியை வேகமாகத் தாண்டி உள்பக்கத்துக்கு வந்துவிடுவார். ஒருநாள் மூலையில் பொடி எழுத்தில் எங்கள் ஏரியின் மீன் பாசி ஏல அறிவிப்பு, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம். தேதி, நேரம், ஒன்றிய அலுவலகம், கட்ட வேண்டிய முன்பணம். இரண்டு முறை வாசித்தார். அதுவரை வருடா வருடம் ஒரே ஆள்தான் சத்தமில்லாமல் ஏலம் எடுத்து வந்தார். ஏலம் என்று ஒன்று நடப்பதே ஊருக்குத் தெரியாது. அந்த முறை ஏழு பேர் போய் நின்றார்கள். ஏலத்தொகை முந்தைய வருடத்தைப் போல மூன்று மடங்குக்கு ஏறியது.

அந்த ஏழு பேரை எழுப்பியது எந்தத் தலையங்கமும் இல்லை. ஒரு தேதியும் ஒரு இடமும்தான். எங்கே போய் நிற்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று சொன்ன செய்தி அது. உங்கள் ஏழு மணி விவாதம் முடிந்ததும் நீங்கள் போக வேண்டிய இடம் எது? சாப்பாட்டுத் தட்டு. ஆத்திரத்தை மட்டும் கொடுத்துவிட்டு முகவரி கொடுக்காத செய்தி என்ன செய்தி? இதைத்தான் பல வருடமாகச் சொல்கிறேன், சொல்லிக்கொண்டே இருப்பேன்.

வெறுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் அந்தச் சொல்லை வாசிக்க எனக்கு வலிக்கிறது, ச.

அக்டோபர் 2 கிராம சபை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், உங்கள் தெரு வரும்வரை உட்கார்ந்திருங்கள். என்ன வாசித்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா