அடிவார வெயிலில் நடந்து பழகுங்கள்

வணக்கம் அண்ணா,

அமெரிக்காவின் மேற்குப் பக்கம் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் நடைபாதையான பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலை முழுதாக நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முதலில் பாலைவனம், அப்புறம் பனிமலை என்கிறார்கள். நான் கொடைக்கானல் பக்கம் பிறந்து வளர்ந்தவன், குளிர் புதிதில்லை. பாலைவனத்தைத் தாண்டிவிட்டால் மற்றதைச் சமாளித்துவிடலாம்தானே? எப்படித் தயாராவது?

– ஒரு வாசகர், பெருமாள்மலை

அன்புள்ள தம்பி,

நல்ல ஆசை, விட்டுவிடாதீர்கள். ஆனால் நம் ஊர்க் குளிரை நம்பிப் பனிக்குள் இறங்க வேண்டாம். மார்கழியில் இங்கே புல்மேல் படியும் உறைபனி வெயில் ஏறினால் போய்விடும். பாலைவனம் முடிந்ததும் வரும் சியாரா நெவாடா மலைத்தொடரில் ஜூன் மாதத்திலும் கணவாய்களில் பனி கிடக்கும். அந்தப் பாதையிலேயே உயரமான ஃபாரஸ்டர் கணவாய் 4,000 மீட்டருக்கு மேல், கொடைக்கானலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம்.

அங்கே நேரம்தான் எல்லாம். இரவில் இறுகிய பனி விடியற்காலையில் ஆளைத் தாங்கும். வெயில் ஏறியதும் இளகி, அடிக்கு அடி தொடைவரை கால் புதையும். ஓடைகளும் அப்படித்தான்: பகலில் உருகிய தண்ணீர் சேர்ந்து மாலையில் மிரட்டும், காலையில் வடிந்திருக்கும்.

அதனால்தான் பாலைவனத்தைத் தொல்லையாக நினைக்காதீர்கள் என்கிறேன். மெக்சிகோ எல்லையிலிருந்து சியாராவின் வாசலான கென்னடி மெடோஸ் என்ற சிற்றூர் வரை 1,100 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் வறண்ட நிலம். மொத்தப் பாதை 4,200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் வரும் மொஹாவி பாலைவனத்தில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மூடிய கால்வாயை ஒட்டியே பாதை போகிறது. காலடியில் ஒரு நகரத்துக்கான தண்ணீர் ஓடும். நடப்பவரோ பாட்டிலில் மிச்சமிருப்பதைக் கணக்குப் பார்த்துக் குடிக்க வேண்டும். நிழல் கிடையாது, பலர் ராத்திரியில்தான் அதைக் கடக்கிறார்கள். இருட்டில் எழுந்து நடக்கும் அந்தப் பழக்கம் பனியில் அப்படியே கைகொடுக்கும்.

சுமைதான் மாறும். தண்ணீர் பாரம் குறைந்த இடத்தில் பனிக்கோடரி, பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் முள்தகடான கிராம்பான், கரடி திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா எல்லாம் ஏறிக்கொள்ளும். பாலைவனத்தில் உயிர் காத்த தண்ணீர் வடிகட்டி ஈரத்தோடு ஓர் இரவு உறைந்துபோனால் உள்ளே வெடிப்பு விட்டுவிடலாம், வெளியே ஒன்றும் தெரியாது. தூங்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். கொடையில் ஏரியைச் சுற்றுவது போதாது. கீழே இறங்குங்கள். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக மேலே ஏறும் பழைய பாதையில், வனத்துறை அனுமதி வாங்கி, முதுகில் ஐந்து லிட்டர் தண்ணீரோடு ஏறுங்கள். கோடையில் காட்டுத்தீ பயம் உண்டு, தை மாதத்தில் போகலாம். அப்போதும் கீழ்ப்பகுதியில் உச்சி வெயில் சுடத்தான் செய்யும். வெயிலில் தொடங்கிக் குளிரில் முடியும் அந்த ஏற்றம் நம் வாசலிலேயே இருக்கிறது!

பனியை மட்டும் இங்கே யாரும் கற்றுத்தர முடியாது. உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ உள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி, சுமார் நான்கு வாரம், முடித்துவிடுங்கள். சரிவில் சறுக்கும்போது கோடரியைக் குத்தி உடம்பை நிறுத்தத் தெரியாமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.