ஏன் பைதன்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கொழும்பில் மென்பொருள் பொறியியலாளராக 11 வருடம் வேலை செய்கிறேன். அதில் பெரும்பகுதி பைதன் என்ற நிரல் மொழியில். "அந்த மொழியில் அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஓ.எல்லுக்கு பஸ்கால் மொழி படிச்சோம், ஏ.எல்லுக்கு பைதன். இதில வரி கொஞ்சம் தள்ளிப் போனாலே பிழை காட்டுது. இதை எப்படி உங்களுக்குப் பிடிக்குது? (மாணவி, கொட்டாஞ்சேனை)

தங்கச்சி, பஸ்காலில் பிகின், எண்ட் போடுவது கணினிக்காக. வரியை உள்ளே தள்ளி எழுதுவது வாசிக்கிறவருக்காக. இரண்டும் ஒத்துப்போகாத நிரலில் கண் ஒன்றைச் சொல்லும், கணினி வேறொன்றைச் செய்யும். பைதனில் கண்ணுக்குத் தெரிவதுதான் கணினிக்கும் விதி. ஆறு மாதம் கழித்து என் பழைய நிரலைத் திறந்தாலும் எது எதற்குள் இருக்கிறது என்று உடனே தெரிகிறது. டேப்பையும் ஸ்பேஸையும் கலக்காதீங்க. நாலு ஸ்பேஸ் என்று ஒரே பழக்கமாக வைத்தால் அந்தப் பிழை பெரும்பாலும் வராது.

எப்ப இந்த மொழி மனசுக்குப் பிடிச்சுது? (தெஹிவளை)

என் முதல் வேலையில் ஒரு பற்றுச்சீட்டு நிரல் இருந்தது. பைதன் 2-இல் எழுதியது. பெயருக்கு 20 இடம் ஒதுக்கி, மிச்சத்தை வெட்டிவிடும். சிவகுமார் என்ற வாடிக்கையாளரின் சீட்டில் "சிவகும" என்று வந்து, பக்கத்தில் ஒரு உடைந்த பெட்டி. தன் பெயரைக் கூடச் சரியாக அச்சடிக்கத் தெரியாதா என்று அவர் கேட்டது நியாயம்தான்.

காரணம் இதுதான்: கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் (சேமிப்பு அலகு) தேவை. ச, ி, வ, க, ு, ம, ா, ர, ் என்று 9 குறி, ஆக 27 பைட். பைதன் 2-இன் சாதாரண எழுத்துச் சரமோ குறிகளை எண்ணாமல் பைட்டுகளைத்தான் எண்ணியது. 20-இல் வெட்டும்போது கத்தி "ா"வின் நடுவில் இறங்கியது.

2008-இல் வந்த பைதன் 3 எழுத்துச் சரங்களை யூனிகோடாகவே (ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண் தரும் பொது முறை) வைத்துக்கொள்கிறது. நிரலை அதற்கு மாற்றினேன். நீளம் 9 என்றது. நமக்கு அது சி, வ, கு, மா, ர் என்று ஐந்து எழுத்து அல்லவா? யூனிகோட் தகவல் தரும் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) பைதனோடு சேர்ந்தே வருகிறது. குறியின் வகை 'எம்' (ஒட்டுக்குறி) என்று தொடங்கினால் முந்திய எழுத்தோடு ஒட்டு, இல்லாவிட்டால் புது எழுத்து. நாலைந்து வரிதான். ஓடவிட்டேன், 5 வந்தது. அந்தப் பின்னேரம் தொடங்கிய பிரியம் இது. ('க்ஷ'வை இந்த விதி இரண்டாகப் பிரிக்கும். அதற்குத் தனியாக ஒரு வரி வேண்டும்.)

கடைக் கணக்குக்கு பைதனை நம்பலாமா? 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினா பிழையா வருதாமே. (புறக்கோட்டை)

அண்ணன், 0.30000000000000004 என்று வரும், உண்மை. தசமத்தை இரும எண்ணில் வைக்கும் எல்லா மொழியிலும் இது உண்டு. ரூபாயைச் சதமாக்கி முழு எண்ணில் வையுங்கள், அல்லது டெசிமல் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். பைதனின் முழு எண்ணுக்கு உச்சவரம்பு கிடையாது. 2-இன் 100-ஆம் அடுக்கைக் கேட்டால் 31 இலக்கத்தையும் பிசகாமல் தரும்.

மெதுவான மொழியாமே?

சி மொழியோடு ஒப்பிட்டால் ஆம். என் வேலைக்குப் பைதனின் வேகமே போதும்.

நம்ம கொழும்பிலயே உருவான பலரினா மொழி இருக்கே, அதை விரும்ப மாட்டீங்களா?

விரும்புகிறேன், பெருமையாகவும் இருக்கிறது. டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கியது, 1.0 பதிப்பு 2019-இல் வந்தது. பல சேவைகளை வலையில் இணைக்கும் வேலைக்கென்றே செய்த மொழி. எழுதிய நிரலையே வரைபடமாகக் காட்டும். அந்த வேலைக்கு அதைத்தான் எடுப்பேன். எழுத்தோடும் தரவோடும் மல்லுக்கட்டும்போது கை பைதனுக்குத்தான் போகும்.

மகன் எட்டாம் வகுப்பு, ஆங்கிலம் கொஞ்சம் கஷ்டம். படிக்கலாமா தம்பி? (ஒரு தாய், வெள்ளவத்தை)

தாராளமாக, அக்கா. பைதன் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஆங்கிலச் சொற்கள் 35தான், தொடங்குவதற்கு அதில் பத்தும் போதும். மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைதன் 3 ஏற்றுக்கொள்ளும். 'கொடுத்தது' என்று ஒன்று, 'கட்டணம்' என்று ஒன்று, கழித்தால் 'மிச்சம்'. 100-ஆம் இலக்க பஸ்ஸில் நடத்துனர் தரவேண்டிய மிச்சக்காசை முதல் நிரலாக எழுதச் சொல்லுங்கள்.