தேக்கிலிருந்து உரியும் கண்ணாடியிழை

தம்பி, நாலாவது இழுப்பிலேயே வில்லின் மேற்கையில், அதாவது பிடிக்கு மேலுள்ள பாதியில், மரத்தோடு ஒட்டிய கண்ணாடியிழைப் பட்டி உரிந்துவிட்டது, பசை முழுக்கப் பட்டியோடு வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். உரிந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மரத்தில் ஒரு நார்கூடக் கிழியாமல் வழுவழுப்பாக இருந்தால் குற்றம் எப்பொக்சிப் பசையில் இல்லை, நீங்கள் மொறட்டுவையில் வாங்கிய தேக்கில்தான். தேக்கு எண்ணெய் விடும் மரம். 80ஆம் இலக்க உப்புத்தாளால் தேய்த்து, அசிற்றோன் என்ற கரைப்பானில் துடைத்து, அது காய்ந்ததும் உடனே ஒட்ட வேண்டும். மறுநாள் வரை வைத்தால் எண்ணெய் திரும்ப மேலே வரும். இங்குள்ள ஈரக்காற்றும் சும்மா விடாது. தேய்ப்பதற்கு முன், ஈரம் போகப் பலகைகளைச் சில நாள் பல்ப் எரியும் பெட்டிக்குள் வையுங்கள். ஒட்டியதை அழுத்திப் பிடிக்கும் கவ்விகளை ஒரேயடியாக இறுக்காதீர்கள், பசை பிதுங்கி வெளியேறிவிடும். நான் கவ்விகளுக்குப் பதில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றுகிறேன். அப்புறம், உரிந்த வில்லுக்கு மறுபடி நாண் ஏற்ற வேண்டாம், முகத்துக்கு ஆபத்து.